மரப்பலகையில தமிழ் எழுத்து: 10, 12 பேர் சேர்ந்து வீட்டுப் பலகை செய்யிற முறை

மலேசியாவுல பினாங்குத் தீவுல ஒரு இடத்துல நடந்த மரப்பலகை வகுப்புக்கு நானும் என் தங்கச்சியும் போயிருந்தோம். மரம் நல்ல மரம், சாயம் நல்ல சாயம், சொல்லிக் கொடுத்தவங்களும் பொறுமையானவங்க. ஆனா அங்க இருந்த ஸ்டென்சில் அத்தனையும் இங்கிலீஷ். எங்களுக்கு 'வாங்க'ன்னு எழுதணும். சரி கையாலயே எழுதிக்கங்கன்னு சொன்னாங்க, 3 மணி நேரத்துல பாதிக்கு மேல மரம் தேய்க்கிறதுலயும் சாயம் காயிறதுக்குக் காத்திருக்கிறதுலயும் போயிடுச்சு, எழுத்துக்குக் கிடைச்சது கடைசி 20 நிமிஷம். 'வா'வுக்கும் 'ங்'குக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி, 'க' போய் பலகை ஓரத்துல முட்டிக்கிட்டு நிக்குது. அந்தப் பலகை இன்னமும் தங்கச்சி வீட்டு அடுப்படியில இருக்கு, அதைப் பாக்குறப்பல்லாம் எனக்குப் படுறது ஒண்ணுதான்: பலகைன்னா அது படிக்கிறதுக்கு. மரம் எவ்வளவு அழகா இருந்தாலும் கண்ணு முதல்ல எழுத்துக்குத்தான் போகும், அதனால நேரமும் எழுத்துக்குத்தான் போகணும்.

அதுக்கப்புறம் பட்டர்வொர்த்ல எங்க தாமான் (குடியிருப்பு) டேவான்லயே, அதாவது பொது மண்டபத்துலயே, ஞாயித்துக்கிழமையில நாங்களே நடத்த ஆரம்பிச்சோம், இதுவரைக்கும் 5 தடவை ஆயிடுச்சு. பக்கத்து வீட்டு அக்காங்க, கோயில்ல பழக்கமான அண்ணன் ரெண்டு பேரு, அவங்க பிள்ளைங்கன்னு 10, 12 பேர் வருவாங்க. அதுக்கு மேல ஆள் சேர்க்காதீங்க. 4 பேருக்கு ஒரு உதவி ஆள் இருந்தாதான் ஒவ்வொருத்தர் பலகையையும் கிட்டப் போய் நின்னு பாக்க முடியும். கீழ எழுதியிருக்கிறது எல்லாம் அப்படி நடத்தி நடத்திக் கத்துக்கிட்டது, உங்க தாமான்லயோ கோயில் மண்டபத்துலயோ தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கத்துலயோ செய்யணும்னா அப்படியே எடுத்துக்கலாம்.

என்ன எழுதப் போறீங்கன்னு ஒரு வாரத்துக்கு முன்னாடியே எல்லார்கிட்டயும் வாட்ஸ்ஆப்ல கேட்டு வாங்கிடுங்க. அன்னைக்குக் காலையில வந்து யோசிக்கிறேன்னா அரை மணி நேரம் அதுலயே போயிடும். 'நல்வரவு', 'வணக்கம்', 'அம்மா சமையல்' இதெல்லாம் எல்லாரும் கேக்கிறது, நல்லாத்தான் இருக்கும். ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு தடவை எங்க வீட்டு வரிசையில இருக்கிற ஒரு பாட்டி கேட்டது. அவங்க பொறந்து வளர்ந்தது நிபோங் திபால் பக்கம் கலிடோனியா தோட்டம். பிள்ளைங்க எல்லாம் தாமான் வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, ஆனா பாட்டியைக் கேட்டா 'என் ஊரு கலிடோனியா'ன்னுதான் சொல்லுவாங்க. அதையே பலகையில எழுதி வாசல்ல மாட்டணும்னு பேரனைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. உங்க கூட்டத்துலயும் கேட்டுப் பாருங்க, தோட்டத்துப் பேரு, லயத்து வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) நம்பர், தாத்தா கடைப் பேருன்னு ஒவ்வொருத்தர் மனசுலயும் ஒண்ணு இருக்கும். இந்தக் கட்டுரை முழுக்க நான் 'கலிடோனியா தோட்டம்'கிற அந்தப் பலகையை வச்சே சொல்றேன், ஏன்னா தமிழ் எழுத்துல வர்ற எல்லாச் சிக்கலும் அந்த ரெண்டு சொல்லுலயே இருக்கு.

இப்போ மரம். பழைய மாதிரி, கரடுமுரடா இருக்கணும்னா பேலட் (சரக்கு அடுக்கி வைக்கிற மரத்தட்டு) கட்டைதான் முதல் தேர்வு. பிறை தொழிற்பேட்டைப் பக்கம் போனா தொழிற்சாலைங்க வெளியில அடுக்கி வச்சிருப்பாங்க, ஆனா தூக்கிட்டு வந்துடாதீங்க, கார்ட்கிட்டயோ ஸ்டோர்லயோ கேட்டுட்டு எடுங்க, சில இடத்துல அதைத் திருப்பி வித்துடுவாங்க. எடுக்கிறப்ப பக்கவாட்டுக் கட்டையில சூட்டு முத்திரை மாதிரி ஒரு கட்டம் இருக்கும், அதைப் படிங்க. கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படம், பக்கத்துல நாட்டோட ரெண்டெழுத்து, அப்புறம் 'எச்.டி.' (HT)ன்னோ 'எம்.பி.' (MB)ன்னோ இருக்கும். எச்.டி.ன்னா சூடு வச்சுப் பக்குவம் பண்ணின மரம், உள்பக்கமே 56 டிகிரி செல்சியஸ் வர்ற வரைக்கும் ஏத்தி 30 நிமிஷம் வச்சிருப்பாங்க, பூச்சி நாடு விட்டு நாடு போகாம இருக்கிறதுக்கு உலகம் முழுக்க இருக்கிற விதி அது. எம்.பி.ன்னா மெத்தில் புரோமைட் புகை போட்டது, அதை வீட்டுக்குக் கொண்டு வராதீங்க, முக்கியமா பிள்ளைங்க தேய்க்கப் போற மரம்னா வேண்டவே வேண்டாம். முத்திரையே இல்லாத பேலட்டும் உண்டு, உள்நாட்டுக்குள்ளயே ஓடுறதுக்கு முத்திரை தேவையில்ல. அப்படிப்பட்டதுல எண்ணெய்க் கறை, மருந்து வாடை, கலர் கலரா சிந்தின தடம் எது இருந்தாலும் விட்டுடுங்க. சின்னச் சின்ன ஓட்டை இருந்து தட்டினா மாவு மாதிரி கொட்டுச்சுன்னா உளுத்த மரம், அது வீட்டுல இருக்கிற மத்த மரச்சாமானுக்கும் பரவும்.

பேலட்டைக் கழட்டுறது பெரிய வேலை. ஆணி எல்லாம் முறுக்கு ஆணி, கடப்பாரை போட்டு நெம்புனா பலகை நடுவுல பிளந்துடும். அதுக்கு நெம்பாம, குறுக்குக் கட்டைக்கு ரெண்டு பக்கமும் ஒட்டி ரம்பத்தால அறுத்து எடுத்துடுங்க, பலகை கொஞ்சம் குட்டையாகும் ஆனா முழுசா வரும். இந்த வேலையைக் கூட்டத்துல வச்சுக்காதீங்க, 2 பேர் முந்தின வாரமே செஞ்சு, 4, 5 நாள் நல்ல வெயில்ல நிக்க வச்சுடுங்க. ஈரம் இருக்கிற மரத்துல சாயம் நிக்காது.

பேலட் கிடைக்கலன்னா ஹார்ட்வேர் கடையில பைன் பலகையோ பால்மரப் (ரப்பர் மரம்) பலகையோ வாங்கிக்கலாம். நம்ம தாத்தா பாட்டி சீவின அதே பால்மரம்தான், 25, 30 வருஷத்துல பால் குறைஞ்சதும் வெட்டி மேசை நாற்காலி செய்யப் போயிடும். பாட்டியோட பலகைக்கு நாங்க வேணும்னே அந்த மரத்தைத்தான் எடுத்தோம். ஆனா ஒண்ணு, பால்மரம் மழைத்தண்ணிக்குத் தாங்காது, கூரை இருக்கிற வாசலுக்கோ வீட்டுக்குள்ளயோதான் சரி.

அளவு நான் சொல்றது 60 செண்டிமீட்டர் நீளம், 9 செண்டிமீட்டர் அகலத்துல 3 பலகை, பின்னாடி ரெண்டு குறுக்குப் பட்டை. பலகை ஒன்றரை செண்டிமீட்டர், பட்டையும் ஒன்றரை இருந்துச்சுன்னா 25 மில்லிமீட்டர் ஸ்க்ரூ போதும், முன்னாடி எட்டிப் பாக்காது. ஸ்க்ரூ போடுறதுக்கு முன்னாடி அதைவிடச் சின்ன டிரில்ல ஓட்டை போட்டுக்கங்க, பலகை ஓரத்துல நேரா ஸ்க்ரூ ஏத்துனா கண்டிப்பா வெடிக்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு சின்ன இடுக்கு விடலாம், அதுதான் அந்தப் பழைய தோற்றத்தைக் கொடுக்கும், ஆனா அந்த இடுக்கு எழுத்துக்கு என்ன பண்ணும்னு பின்னாடி சொல்றேன்.

தேய்க்கிறதை டேவானுக்கு வெளியில, காத்தோட்டமா வச்சுக்கங்க. எல்லாருக்கும் மாஸ்க். 80 நம்பர் சேண்ட்பேப்பர்ல ஆரம்பிச்சு (எங்க அப்பா இதை உப்புத்தாள்னுதான் சொல்லுவாரு) 120, அவ்வளவுதான், எழுத்து வர்ற இடத்துல மட்டும் 180 போடுங்க. மரத்து ரேகை போற பக்கமாவே தேய்க்கணும், குறுக்க தேய்ச்சா கீறல் விழும், ஸ்டெயின் (மரத்துல ஊறி நிறம் கொடுக்கிற சாயம்) போட்டதும் அந்தக் கீறல் கருப்புக் கோடாத் தெரியும். ஓரத்தை நல்லா உருட்டி விடுங்க, சிராய் கையில ஏறாம இருக்கும், பழசாத் தேய்ஞ்ச மாதிரியும் இருக்கும். ஆணி ஓட்டை, முடிச்சு, வெடிப்பு இதையெல்லாம் அடைக்காதீங்க, அதுக்குத்தானே இந்த மரத்தை எடுத்தோம். கடைசியில லேசா ஈரத்துணியால தூசியைத் துடைச்சிடுங்க.

பழைய மரத்தோட அந்தச் சாம்பல் நிறம் வேணும்னா கடை ஸ்டெயின் இல்லாமலே கொண்டு வரலாம். ஒரு கண்ணாடிப் போத்தல்ல வெள்ளை வினிகர் ஊத்தி, சோப்பு போடாத நைஸான ஸ்டீல் வுல் ஒரு பிடி பிய்ச்சுப் போட்டு 2, 3 நாள் வச்சிடுங்க. மூடியை இறுக்கி மூடாதீங்க, உள்ள வாயு வரும். இரும்பு கரைஞ்சு தண்ணி நிறம் மாறினதும் வடிகட்டிக்கங்க. இந்தத் தண்ணி மரத்துல இருக்கிற துவர்ப்புச் சத்தோட சேர்ந்துதான் கருக்கும், நம்ம பைன்லயும் பால்மரத்துலயும் அந்தத் துவர்ப்பு கம்மி. அதனால முதல்ல தே ஓ கோசோங், அதாவது பால் சேர்க்காத தேத்தண்ணி, நல்லா கடுப்பா, சீனி இல்லாம போட்டு, ஆறினதும் மரத்துல பூசிக் காய விடணும். அதுக்கு மேல அந்த வினிகர்த் தண்ணியைப் பூசினா நம்ம கண்ணு முன்னாடியே மரம் மெல்ல மெல்ல நிறம் மாறி 20 வருஷம் மழையில நின்ன வேலிக்கட்டை மாதிரி ஆகும். பிள்ளைங்க இதைப் பாக்குறதுக்காகவே சுத்தி நிப்பாங்க. கையுறை போட்டுக்கங்க, கறை லேசுல போகாது, முதல்ல ஒரு துண்டு மரத்துல பூசிப் பாத்துட்டு அப்புறம் பலகைக்கு வாங்க.

மேல வர்ற வெள்ளையோ நீலமோ பச்சையோ தண்ணிச் சாயம்தான், அக்ரிலிக் இல்லன்னா வீட்டுச் சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் மிச்சம் இருந்தாலும் போதும். எண்ணெய்ச் சாயம் டேவானுக்குள்ள வேண்டாம், வாடை, காயவும் நாளாகும், கழுவ தின்னர் வேணும். உரிஞ்ச மாதிரி தோற்றத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி எடுத்து ஓரம், மூலை, கை படுற இடத்துல மட்டும் அழுத்தித் தேய்ச்சுட்டு அதுக்கு மேல சாயம் அடிங்க, காய்ஞ்சதும் சேண்ட்பேப்பர் போட்டா மெழுகு இருக்கிற இடத்துல சாயம் உரிஞ்சு அடிமரம் தெரியும். எழுத்து வர்ற இடத்துல மெழுகு படக்கூடாது, இதைப் பெரிசா எழுதி மேசையில ஒட்டிடுங்க. மெழுகு மேல எழுத்தும் நிக்காது வார்னிஷும் நிக்காது. மெழுகு வேண்டாம்னு நினைக்கிறவங்க சாயத்துல பாதிக்குப் பாதி தண்ணி கலந்து அடிச்சு உடனே துணியால துடைச்சு விடலாம், ரேகை எல்லாம் தெரிய வெள்ளை மட்டும் மேல பனி மாதிரி நிக்கும், பாட்டி பலகைக்கு நாங்க செஞ்சது இதுதான்.

இது வரைக்கும் ஒன்றே கால் மணி நேரத்துக்குள்ள முடியணும். நாங்க 9 மணிக்குத் தொடங்கி 10.15க்குள்ள அடிச்சாயத்தை முடிச்சிடுவோம், அது காயிற நேரத்துல வடையும் தே தாரேக்கும், சாப்பாட்டு மேசை தனியா தூரமா இருக்கட்டும். நம்ம ஊரு ஈரக்காத்துல போத்தல்ல போட்டிருக்கிற நேரத்துல காயாது, 20 நிமிஷம்னு போட்டிருந்தா 40ன்னு வச்சுக்கங்க, மழை நாளா இருந்தா ரெண்டு ஹேர் டிரையர் கைவசம் இருக்கட்டும், கிட்டப் பிடிக்காம ஒரு முழம் தள்ளிப் பிடிக்கணும். 11 மணியில இருந்து 1 மணி வரைக்கும் எழுத்துக்கு மட்டும். இந்த 2 மணி நேரத்தை எதுக்காகவும் விட்டுக் கொடுக்காதீங்க.

எழுத்து வேலை உண்மையில வீட்டுல, கம்ப்யூட்டர்லயே தொடங்கிடுது. எல்லாரோட சொல்லையும் நீங்களே டைப் பண்ணி நிஜ அளவுல பிரிண்ட் எடுத்து வச்சிடுங்க. எழுத்துரு பாக்குறப்ப கோடு எல்லா இடத்துலயும் ஒரே கனமா இருக்கிறதா எடுங்க. விண்டோஸுக்குக் கிடைக்கிற லதா பெரிசாக்கினா கொஞ்சம் ஒல்லியாத் தெரியும், போல்ட் பண்ணினா சரியாகும். ஆப்பிள் வச்சிருக்கிறவங்களுக்கு இணைமதி அதுலயே இருக்கு, அது நம்ம நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் உருவாக்கினது, எனக்கு அதோட வளைவு ரொம்பப் பிடிக்கும். பிரிண்ட் கடைக்குக் கொண்டு போறப்ப வேர்ட் கோப்பாக் கொண்டு போகாதீங்க, பிடிஎஃப் ஆக்கிட்டுக் கொண்டு போங்க. கடைக் கம்ப்யூட்டர்ல அந்த எழுத்துரு இல்லன்னா தமிழ் எப்படி வந்து விழும்னு சொல்ல முடியாது. ஒரு தடவை எனக்கு 'தோ'வோட கொம்பு ஒரு பக்கம், 'த' ஒரு பக்கம், நடுவுல புள்ளிப் புள்ளியா ஒரு வட்டம்னு அச்சாகி வந்துச்சு, கடைக்கார அண்ணனுக்கும் தமிழ் தெரியாது, 12 தாளும் வீணாப் போச்சு.

அளவு எப்படிக் கணக்குப் பண்றதுன்னா, எழுத்தை எண்ணாதீங்க, இடத்தை எண்ணுங்க. 'கலிடோனியா' எண்ணினா 5 எழுத்துதான். ஆனா 'டோ'வுல இரட்டைக் கொம்பு ஒரு இடம், 'ட' ஒரு இடம், கால் ஒரு இடம், 'யா'வுல ரெண்டு இடம், ஆக மொத்தம் 8 இடம் பிடிக்கும். 'தோட்டம்' 4 எழுத்து, 6 இடம். 60 செண்டிமீட்டர்ல ரெண்டு பக்கமும் 5, 5 விட்டா மிச்சம் 50, அதை 8ஆல வகுத்தா இடத்துக்கு 6 செண்டிமீட்டர் சொச்சம். அப்போ எழுத்தோட உடம்பு 5 செண்டிமீட்டர் உயரத்துக்கு மேல போகக்கூடாது. அதுக்கு மேல புள்ளிக்கும் 'லி', 'னி'யோட மேல்விலங்குக்கும் 2 செண்டிமீட்டர் வேணும். கீழ 'ழ', 'ரு', 'கு' மாதிரி எழுத்து வந்தா கீழயும் 2 வேணும். இங்கிலீஷ் சொல்லுக்குப் போடுற வரி இடைவெளியை அப்படியே தமிழுக்குப் போட்டா மேல் வரியோட வாலும் கீழ் வரியோட புள்ளியும் இடிச்சுக்கும். இடிக்கிற மாதிரி தெரிஞ்சா எழுத்தைச் சின்னதாக்குங்க, வரியை நெருக்காதீங்க.

பிரிண்ட் எடுத்த தாளை ரெண்டு பேர் படிக்கணும், அதுவும் வாய்விட்டு, எழுத்தெழுத்தா. எங்க கூட்டத்துல தமிழ்ப்பள்ளியில படிச்சவங்களும் இருப்பாங்க, மலாய்ப்பள்ளியில படிச்சு அம்மாகிட்ட கொஞ்சம் கொஞ்சம் எழுத்து கத்துக்கிட்டவங்களும் இருப்பாங்க, எழுதவே தெரியாம ஆசையா வர்ற சின்னப் பிள்ளைங்களும் இருப்பாங்க. ஒரு ஆள் தெரிஞ்சவங்க, ஒரு ஆள் கத்துக்கிறவங்கன்னு ஜோடியா உக்கார வச்சிடுவேன். பினாங்குல 1816ல பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தொடங்கினப்பதான் இந்த நாட்டுல தமிழ் வகுப்பும் தொடங்குச்சு, 2016ல 200 வருஷம்னு நாடு முழுக்கக் கொண்டாடினோம், அப்படிப்பட்ட ஊருல 'நல்வரவு' பலகையில 'நல்வறவு'ன்னு எழுதி வாசல்ல மாட்டக்கூடாது. ர ற, ல ள ழ, ன ண ந, இந்த மூணு கூட்டத்தையும் பென்சிலால வட்டம் போட்டுப் பாருங்க. வீட்டுக்குப் போய் மாட்டினதுக்கு அப்புறம் மாமியார் கண்டுபிடிக்கிறதைவிட மேசையில கண்டுபிடிக்கிறது நல்லது.

தாளைப் பலகைக்கு மாத்துறது சுலபம். தாளோட பின்பக்கம், எழுத்து இருக்கிற இடம் முழுக்க 4பி பென்சிலைப் படுக்க வச்சுத் தேய்ங்க, பலகை கருப்பா இருந்தா பென்சிலுக்குப் பதிலா வெள்ளைச் சாக். அப்புறம் தாளைத் திருப்பி, நடுக்கோடு பாத்து, மாஸ்கிங் டேப்பால மேல மட்டும் ஒட்டுங்க, கீழ திறந்திருக்கட்டும், அப்போதான் நடு நடுவுல தூக்கிப் பாக்கலாம். பால் பேனாவால எழுத்தோட வெளிக்கோட்டை அழுத்தி வரைஞ்சா பலகையில மங்கலா விழும், அது போதும்.

பாட்டி பலகையில இங்கதான் ஒண்ணு நடந்துச்சு. பேரன்தான் வரைஞ்சுக்கிட்டு இருந்தான். 'தோட்டம்' ரெண்டாவது பலகையில வருது, 'ட்' வரைஞ்சு அது மேல புள்ளி வைக்கப் போனான், பேனா முனை பேப்பரைக் குத்திக்கிட்டு உள்ள போயிடுச்சு. பாத்தா புள்ளி சரியா ரெண்டு பலகைக்கும் நடுவுல இருக்கிற இடுக்குல விழுது. அப்படியே விட்டிருந்தா 'ட்' 'ட' ஆயிருக்கும், 'ம்'மும் 'ம' ஆயிருக்கும், 'தோடடம'ன்னு நின்னிருக்கும். தாளைப் பிரிச்சு ஒரு செண்டிமீட்டர் கீழ இறக்கி மறுபடி ஒட்டினான், புள்ளி ரெண்டும் மரத்து மேல வந்துடுச்சு. அதுல இருந்து நான் எல்லாருக்கும் சொல்றது, தாளை ஒட்டினதும் வரையிறதுக்கு முன்னாடி விரலால ஒவ்வொரு புள்ளியையும் ஒவ்வொரு மேல்விலங்கையும் அழுத்திப் பாருங்க, விரலுக்குக் கீழ மரம் இருக்கா இடுக்கு இருக்கான்னு தெரிஞ்சிடும். ஆணி ஓட்டையும் இப்படித்தான், எழுத்துக்கு நடுவுல வந்தா அதுவே ஒரு புள்ளி மாதிரி தெரியும், கொஞ்சம் தள்ளிக்கங்க.

ஸ்டென்சில் வெட்டித்தான் செய்வேன்னா செய்யலாம், ஆனா தமிழுக்கு வேலை அதிகம். 'வ', 'ல', 'ண', 'ழ' எல்லாத்துலயும் மூடின சுழி இருக்கு, சுழிக்கு நடுவுல இருக்கிற துண்டு தனியா கழண்டு விழுந்துடும், அதைப் பிடிச்சு நிக்க சின்னப் பாலம் விட்டுத்தான் வெட்டணும், சாயம் அடிச்சதுக்கு அப்புறம் அந்தப் பாலத்தைப் பிரஷால மூடணும். கரடுமுரடான மரத்துல ஸ்டென்சில் ஓரத்துக்குக் கீழ சாயம் கசியும், அதைத் தடுக்க முதல்ல அடிச்சாயத்தையே ஓரத்துல ஒரு தடவை தட்டிவிட்டுக் காய்ஞ்சதும் எழுத்துச் சாயம் போடுங்க, கசியிறது அடிச்சாயமாவே கசிஞ்சு அடைச்சிடும். ஒரே சொல்லை 10 பலகையில எழுதறீங்கன்னா இது லாபம், ஆளுக்கு ஒரு சொல்லுன்னா தாளும் பென்சிலும்தான்.

சாயம் நிரப்புறதுக்கு 2 நம்பர், 4 நம்பர் வட்டப் பிரஷ் ஆளுக்கு ஒவ்வொண்ணு. சாயத்தோட பதம் ஆப்ப மாவு பதம். சூசு (டின்பால்) மாதிரி கெட்டியா இருந்தா பிரஷ் தடம் தடமா நிக்கும், மோர் மாதிரி இருந்தா மரத்து ரேகை வழியா ஓடி எழுத்துக்கு மீசை முளைச்சிடும். பிரஷை நனைச்சு ஓரத்துல ஒரு தடவை வழிச்சுட்டு, முதல்ல எழுத்தோட உள்பக்க ஓரமா கோடு இழுத்து, அப்புறம் நடுவை நிரப்புங்க. நம்ம எழுத்து வளைஞ்சு வளைஞ்சு போற எழுத்து, விரலை மட்டும் அசைச்சு எழுதினா வளைவு உடைஞ்சு மூலை மூலையா வரும். முழங்கை அசையணும், சுண்டு விரலைப் பலகையில ஊணிக்கங்க, கை திரும்பாத இடத்துல பலகையைத் திருப்புங்க. 'லி'யோட மேல்விலங்கை நடுவுல நிறுத்தாம ஒரே இழுப்புல இழுத்துப் பாருங்க, முதல் தடவை கை நடுங்கும், பழைய அட்டையில 10 தடவை இழுத்தா வந்துடும். சுழியில சாயம் தேங்கி அடைஞ்சிடும், அதனால சுழியைச் சின்னப் பிரஷால கடைசியா செய்யுங்க. இடப்பக்கத்துல இருந்து வலப்பக்கம் போங்க, கை பட்டு அழியாது, இடக்கைக்காரங்க வலப்பக்கத்துல இருந்து வாங்க.

புள்ளியை எல்லாரும் கடைசியில வச்சுக்கலாம்னு விட்டுட்டு மறந்துடுறாங்க, அதனால அந்தந்த எழுத்து முடிஞ்சதும் அதோட புள்ளியை வச்சுட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும்னு ஒரு விதி வச்சிருக்கோம். பிரஷால வச்சா ஒண்ணு பெரிசு ஒண்ணு சின்னதா வரும். பென்சிலோட பின்பக்கத்தைச் சாயத்துல தொட்டு நேரா வச்சு எடுங்க, எல்லாப் புள்ளியும் ஒரே உருண்டையா வரும்.

தப்பு விழுந்தா பதறாதீங்க, ஈரமா இருக்கிறப்பவே காட்டன் பட்ஸைத் தண்ணியில நனைச்சுத் துடைச்சா வந்துடும், காய்ஞ்சுட்டா அடிச்சாயத்தை மேல பூசி மறைச்சிடலாம். ஒண்ணு மட்டும் செய்யாதீங்க, பர்மனன்ட் மார்க்கரால ஓரம் வரையாதீங்க. ரெண்டாவது தடவை ஒரு அக்கா அழகா கருப்பு மார்க்கர்ல ஓரம் கட்டினாங்க, எல்லாரும் பாராட்டினோம், நான்தான் சீக்கிரம் முடியட்டும்னு ஸ்ப்ரே வார்னிஷ் அடிச்சுக் கொடுத்தேன். ஒரு நிமிஷத்துல கருப்பு எல்லாம் கரைஞ்சு ஊதா ஊதாவா வெள்ளை மேல பரவிடுச்சு. அந்த மார்க்கர் மை ஆல்கஹால்ல கரையிறது, ஸ்ப்ரேயில இருக்கிற திரவம் பட்டதும் கரைஞ்சிடும். அக்கா ஒண்ணும் சொல்லல, ஆனா அன்னைக்கு அவங்க முகம் எனக்கு இன்னும் மறக்கல. ஓரம் கட்டணும்னா தண்ணியில செஞ்ச பெயிண்ட் மார்க்கர் விக்குது, அதை வாங்குங்க, அதுவும் நல்லா காய்ஞ்சதுக்கு அப்புறம் வார்னிஷ்.

எழுத்து காய்ஞ்சதும் பலகை ஓரத்தையும் மூலையையும் 180 சேண்ட்பேப்பரால லேசாத் தேய்ச்சு அடிமரத்தைக் காட்டுங்க. எழுத்தையும் சேர்த்துத் தேய்க்கிறது ஒரு பழக்கம், எனக்கு அதுல உடன்பாடு இல்ல. இங்கிலீஷ் எழுத்துல கொஞ்சம் உரிஞ்சாலும் படிச்சிடலாம், தமிழ்ல ஒரு சுழி போனாலே 'ண' 'ன' ஆகிடும்.

வார்னிஷை அன்னைக்கே அடிக்காதீங்க. மேல காய்ஞ்ச மாதிரி இருந்தாலும் உள்ள ஈரம் இருக்கும், அதுக்கு மேல மூடினா பால் மாதிரி மங்கிப் போயிடும். நாங்க ஆளுக்கு ஒரு சின்னப் போத்தல்ல தண்ணி வார்னிஷும் ஒரு துண்டு ஸ்பாஞ்சும் கொடுத்து அனுப்பிடுவோம், மறுநாள் வெயில் அடிக்கிற நேரமாப் பாத்து மெல்லிசா 2, 3 தடவை, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 2, 3 மணி நேரம் விட்டுப் பூசிக்கச் சொல்லுவோம். போத்தலைக் குலுக்கக் கூடாது, குமிழ் வரும், குச்சியால கிளறுங்க. பூசுறப்ப வெள்ளையாத் தெரியும், காய்ஞ்சதும் தெளிஞ்சிடும். எண்ணெய் வார்னிஷ் நாளாக நாளாக மஞ்சளாகும், வெள்ளைப் பலகைன்னா அது வேண்டாம். வெளியில மாட்டுறதுக்கு எக்ஸ்டீரியர்னு போட்டிருக்கிறதாப் பாத்து வாங்குங்க. முன்பக்கம் மட்டும் பூசிட்டு விட்டுடாதீங்க, பின்பக்கமும் பூசணும், பலகையோட வெட்டு முனை ரெண்டுலயும் கூடுதலா பூசணும், தண்ணி ஏறுறது அந்த முனை வழியாத்தான், ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறினா பலகை பப்படம் மாதிரி வளைஞ்சிடும்.

மாட்டுறதுக்குக் கயிறுன்னா மேல் ஓரத்துல இருந்து 3 செண்டிமீட்டர் கீழ, ரெண்டு பக்கமும் 8 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, கயிறை முன்பக்கத்துல இருந்து விட்டுப் பின்னாடி முடிச்சுப் போடுங்க. இந்த ஓட்டையைச் சாயத்துக்கு முன்னாடியே போட்டுடணும், கடைசியில டிரில் போட்டா சாயம் பேந்துடும். கயிறு முதல் வாரத்துல தொய்யும், திரும்ப இறுக்கிக் கட்டுங்க. ஒட்டுற கொக்கியை நம்பாதீங்க, 3 பலகை, 2 பட்டைன்னா நல்ல கனம் இருக்கும், சிமெண்டுச் சுவர்ல பிளக் வச்சு ஸ்க்ரூதான் போடணும். வாடகை வீடா இருந்தா சுவரைக் குடையாம ஜன்னல் கம்பியிலயோ கேட்லயோ கட்டிடுங்க.

பிரஷை உடனே கழுவுங்க, அக்ரிலிக் பிரஷ்லயே காய்ஞ்சுட்டா அந்தப் பிரஷ் அவ்வளவுதான். கழுவின தண்ணியை லோங்காங்ல (சாக்கடையில) ஊத்தாம ஒரு வாளியில சேர்த்து வச்சுத் தெளிய விட்டு, அடியில நிக்கிற சாயத்தைப் பழைய பேப்பர்ல வழிச்சுக் குப்பையில போடுங்க.

வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு வீடு கழுவுறப்ப ஈரத்துணியால துடைச்சு, காய்ஞ்சதும் ஒரு கை வார்னிஷ். பாட்டி வீட்டுல அவங்க பேரனே செஞ்சிடுறான். பலகை வாசல்ல கூரைக்குக் கீழ, செருப்பு அலமாரிக்கு மேல தொங்குது, போன மாசம் கயிறை மட்டும் மாத்தினோம்.